முத்தம் உண்டு, முதுமை இல்லை

2012ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் தேதி இரவு லண்டன் மாநகரில் நடைபெற்ற ஒலிம்பிக் தொடக்க விழாவில், டேனி பாய்ல் என்ற திரைப்பட இயக்குநரின் மேற்பார்வையில், மக்கள் நினைவில் தங்கிப்போன சினிமா, டெலிவிஷன் முத்தக் காட்சிகள் பலவற்றைத் துண்டு துண்டாகத் தொடுத்துப் பெருந்திரையில் காட்டினார்கள். கண் இமைக்கும் நேரத்தில் கடந்துபோன அத்துண்டுகளில் ஒன்று, 1994 ஜனவரியில் ‘சானல் 4’ ஒளிபரப்பிய ‘புரூக்சைட்’ என்ற லிவர்பூல் நகரத்துத் தொடரிலிருந்து எடுக்கப்பட்டது. பெத் ஜோர்டாஷ் என்னும் இளம்பெண்ணும் மார்கரெட் என்னும் அவள் தோழியும் முத்தமிட்டுக்கொண்ட காட்சி அது. குழந்தைகள் உறங்கப் போகுமுன், வீட்டார் எல்லோரும் கூடியிருந்து பார்க்கும் வேளையில், இரு பெண்கள் காதலால் முத்தமிட்டுக்கொண்டது பிரிட்டிஷ் டெலிவிஷனில் அதுவே முதல் முறை என்பதால் அதற்கு ஒரு சரித்திரப் பிரசித்தி உண்டு. இத்தகைய காதலைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கும் தேசங்கள் பலவற்றிலும் அவ்விழா ஒளிபரப்பானபடியால், அத்தேசங்களின் வீட்டுக் கூடங்களிலும் அந்த முத்தம் ஒரு கணம் நுழைந்து வெளியேறியது.

விழாவைக் கண்டு களித்தவர்களில் எத்தனை பேருக்கு பெத் ஜோர்டாஷின் பிற்காலம் நினைவுக்கு வந்ததோ, யார் கண்டது! தன்னையும் தாயையும் தங்கையையும் வதைத்த தகப்பனைத் தாயும் மகளுமாகக் கொன்று வீட்டின் பின்புறத்திலேயே புதைத்த கதை அந்தத் தொடரில் முன்னரே நடந்து முடிந்திருந்தது. முத்தத்துக்கு ஓராண்டு கழித்துப் பிணம் வெளிப்பட்டது. தாயும் மகளும் சிறைக்குப் போனார்கள். 1995இல் பெத் சிறையிலேயே மாண்டாள். அவளாக நடித்த அன்னா ஃப்ரியல் தொடரைவிட்டு விலகிவிட்டபடியால் அந்த மரணம் காட்சியாகக்கூட வரவில்லை, செய்தியாகத்தான் வந்தது. அவளுடைய வாழ்நாள் திரைக்கு வெளியே முடிக்கப்பட்டது. முத்தம் மாத்திரம் பதினெட்டு ஆண்டுகள் பத்திரப்படுத்தப்பட்டு உலகத்தின் முன்னால் எடுத்து வைக்கப்பட்டது.

டெலிவிஷன் இளம் லெஸ்பியன் பாத்திரங்களை எவ்விதம் சித்திரிக்கிறது என்று ஆராய்கிறவர்கள், எத்தனை பாத்திரங்கள் வருகின்றன, அவை நல்ல பாத்திரங்களா தீய பாத்திரங்களா என்ற கணக்கையே பெரும்பாலும் எடுக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதைவிட முக்கியமானது வேறொரு கணக்கு: வந்தவளுக்கு எவ்வளவு காலம் அளக்கப்படுகிறது என்பது. அமெரிக்க, பிரிட்டிஷ் டெலிவிஷன்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் அவளுக்கு முதல் முத்தத்தைத் தாராளமாகவும், பெற்றோரிடம் உண்மையைச் சொல்லிக் கண்ணீர் விடும் காட்சியை அதைவிடத் தாராளமாகவும் வழங்கியிருக்கின்றன. வீட்டு வாடகை, பல்வலி, ஞாயிற்றுக்கிழமைச் சண்டை, முதல் நரை ஆகிய சாமானிய பாக்கியங்களை அவளுக்கு வழங்குவதில்தான் அத்தனை கஞ்சத்தனம்.

தபாலாபீஸ் விதித்த முடிவு

இந்தக் கஞ்சத்தனத்தின் பூர்விகம் டெலிவிஷன் பெட்டி வீட்டுக்கு வீடு வருவதற்கு முந்தியது. 1952ஆம் ஆண்டில் மாரிஜேன் மீக்கர் என்ற இளம் எழுத்தாளர், வின் பேக்கர் என்னும் புனைபெயரில், கல்லூரி மாணவிகள் இருவரின் காதலைப் பொருளாகக் கொண்டு ‘ஸ்பிரிங் ஃபயர்’ என்ற மலிவுப் பதிப்பு நாவலொன்றை எழுதியபோது, பதிப்பாசிரியர் அவருக்கு இட்ட நிபந்தனை, கதை சந்தோஷமாக முடியக் கூடாது என்பது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் தர்ம சாஸ்திரமன்று, தபால்! புத்தகக் கட்டுகள் தபாலில் போயாகவேண்டும். இப்படிப்பட்ட உறவைச் சுகமாக வாழவிட்டதாகத் தோன்றினால் தபால் இலாகா ஆபாச நூலென்று பறிமுதல் செய்துவிடும் என்ற பயம் பதிப்பகத்தாருக்கு இருந்தது. ஆகவே நாவலின் முடிவில் ஒருத்திக்குச் சித்தம் கலங்குகிறது. மற்றவளோ, தான் அவளை ஒருபோதும் காதலிக்கவே இல்லை என்று தேறிக்கொள்கிறாள். புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

சினிமாவில் இந்த வேலையை 1934 முதல் கண்டிப்பாக அமலாக்கப்பட்ட ‘ஹேஸ்’ என்ற ஹாலிவுட் தணிக்கை விதிமுறை செய்தது. அவ்விதி தளர்ந்துகொண்டிருந்த 1961இல் வில்லியம் வைலர் இயக்கிய ‘த சில்ட்ரன்ஸ் அவர்’ படத்தில்கூட, தன் தோழியிடம் தனக்குள்ள ஆசையை வாய்விட்டு ஒப்புக்கொண்ட பள்ளி ஆசிரியை, சற்று நேரத்துக்கெல்லாம் தூக்கில் தொங்குகிறாள். டெலிவிஷன் இந்தப் பிதிரார்ஜிதத்தை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. 1974இல் ‘போலீஸ் உமன்’ என்ற தொடர், முதியோர் இல்லத்தில் கிழவிகளைக் கொன்று கொள்ளையடிக்கும் லெஸ்பியன் கோஷ்டி ஒன்றை அமெரிக்க மக்களுக்கு அறிமுகம் செய்துவைத்தபோது, பெண்கள் சிலர் நியூயார்க்கிலுள்ள என்.பி.சி. அலுவலகத்துக்குள் புகுந்து உட்கார்ந்து ஆட்சேபம் தெரிவிக்க நேர்ந்தது.

பள்ளி வயதுப் பெண்ணை இவ்விஷயத்தில் கொண்டுவரத் துணிந்ததோ மிகவும் பிற்காலத்தில்தான். 1993 ஏப்ரலில் சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய ‘பிக்கெட் ஃபென்ஸஸ்’ தொடரில், ஊர் ஷெரீப்பின் மகளான பதினாறு வயதுக் கிம்பர்லி, தன் தோழியோடு இரவு தங்கும்போது, முத்தம் என்பது எப்படியிருக்கும் என்று பரீட்சித்துப் பார்க்கிறாள். இதை ஒளிபரப்பலாமா என்று நிறுவனத்தார் வெகுவாக யோசித்து, கடைசியில் அந்தக் காட்சி இருட்டில் நடக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். அதே தொடரில் கொலையுண்ட உடல்கள் நல்ல வெளிச்சத்திலேயே கிடந்தன என்பதை இவ்விடத்தில் சொல்லாமலிருக்க முடியவில்லை. பரீட்சை முடிந்ததும் கிம்பர்லி பழையபடி பையன்களிடம் மனம் செலுத்துகிறாள். அவள் தோழியின் மனம் என்ன பாடுபட்டது என்று விசாரிக்கத் தொடருக்கு அவகாசம் இருக்கவில்லை.

அவகாசம் இல்லாததற்கு வியாபாரக் காரணமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நீல்சன் என்ற நிறுவனம் நவம்பர், பிப்ரவரி, மே, ஜூலை ஆகிய நான்கு மாதங்களில் ஊர் ஊராக எத்தனை பேர் எந்தச் சானலைப் பார்க்கிறார்கள் என்று விரிவாகக் கணக்கெடுத்து வந்தது. அந்தக் கணக்கைக் கொண்டே உள்ளூர் நிலையங்கள் விளம்பரக் கட்டணத்தை நிர்ணயித்தன. நம் ஊர் ஜவுளிக் கடைகளுக்கு ஆடி மாதம் எப்படியோ, அப்படி அவர்களுக்கு அந்த மாதங்கள். ‘எல்.ஏ. லா’ என்ற வக்கீல் தொடரில் இரு பெண்கள் முத்தமிட்டுக்கொண்டது 1991 பிப்ரவரியில். பணக்காரப் பிள்ளைகளின் கதையான ‘தி ஓ.சி.’யில் மரிஸா என்ற பெண்ணுக்கு அலெக்ஸ் என்ற பெண்ணோடு காதல் மலர்ந்தது 2005 பிப்ரவரியில். கணக்கெடுப்பு முடிந்த சில வாரங்களில் அலெக்ஸ் கதையிலிருந்து விடைபெற்றுக்கொண்டு போய்விட்டாள்; மரிஸா பழைய காதலனிடம் திரும்பினாள். பிப்ரவரி மாதத்தில் பிறந்து மார்ச் மாதத்தில் மறையும் ஒரு காதலைப் பார்த்து, தன் மனத்திலிருப்பதும் இப்படி ஒரு பருவகால ஜுரந்தான் போலும் என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் எண்ணிக்கொண்டால், அந்த எண்ணத்தை அவளுக்குக் கற்பித்தவர்கள் விளம்பர இலாகாக்காரர்கள் என்பதை அவள் எப்படி அறிவாள்?

இரண்டு சட்டைகள்

இந்தப் பின்னணியில் ‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’ தொடர் செய்த காரியம் லேசானதல்ல. இரத்தம் குடிக்கும் பிசாசுகளை வேட்டையாடும் பெண்ணின் கதை என்ற மேல்பூச்சுக்கு அடியில், வளர்ந்துவரும் பிள்ளைகளின் மனவேதனைகளை இத்தனை நுட்பமாக எழுதிய தொடர்கள் குறைவு. அதில் கதாநாயகியின் தோழி வில்லோவும், 1999 இறுதியில் கல்லூரியில் அவளுக்கு அறிமுகமாகும் தாராவும் மெல்ல மெல்லக் காதலர்களாகிறார்கள். வெகுகாலம் அவர்களை முத்தமிடவிடாமல், சேர்ந்து மந்திரம் ஜபிப்பதையே குறிப்பாகக் காட்டிவந்த தொடர், 2001இல் அதைக் காட்டிய விதம் கவனிக்கத்தக்கது. கதாநாயகியின் தாய் திடீரென்று இறந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது என்று தெரியாமல் வில்லோ ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டி, இறந்தவளுக்குப் பிடித்த அந்த நீலச் சட்டை எங்கே என்று தேடி அழுகிறாள். துக்கத்தில் மனிதர்கள் இப்படித்தான் அற்ப விஷயங்களைப் பற்றிக்கொள்கிறார்கள். அப்பொழுது தாரா அவளைப் பிடித்து நிறுத்தி முத்தமிடுகிறாள். அதுவும் பிப்ரவரி மாதந்தான்; ஆனால் முத்தத்துக்காக அந்த எபிசோட் எழுதப்படவில்லை. ஆறுதல் சொல்ல வேறு வழியில்லாதபோது நெடுநாள் தம்பதிகள் செய்கிற காரியமாக அது வந்து போனது. டெலிவிஷன் ஓர் இளம் லெஸ்பியன் ஜோடிக்கு அளித்த கௌரவங்களில் இதற்கு மேலான ஒன்றை நான் அறியேன்.

அதே கைகள்தான் 2002 மே மாதம் 7ஆம் தேதி அந்த ஜோடியை முடித்தும் வைத்தன. சிறிது காலம் பிரிந்திருந்து அப்போதுதான் மீண்டும் சேர்ந்திருந்தார்கள். எபிசோட் முழுதும் அவர்களுடைய சந்தோஷம் நிறைந்திருந்தது. ஜன்னலருகே தாரா நிற்கிறாள். கீழே தோட்டத்தில் ஒருவன் கதாநாயகியைக் குறிவைத்துச் சுட்ட துப்பாக்கியிலிருந்து தவறிப்போன குண்டு ஒன்று கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வருகிறது. எதிரே நிற்கும் வில்லோவின் சட்டையில் திடீரென்று இரத்தம் தெறித்திருப்பதைக் கண்டு, அது தன் இரத்தமென்று அறியாமலே, உன் சட்டையில் என்ன என்பதுபோல் இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டுத் தாரா விழுகிறாள். தாராவாக மூன்று சீசன்களில் நடித்துவந்த ஆம்பர் பென்சனின் பெயர் தொடக்க டைட்டிலில் முதன்முதலாக இடம்பெற்றதும் அந்த எபிசோடில்தான்! அதன் பிறகு வில்லோ துக்கத்தால் வெறிகொண்டு, கொலைகாரனைத் தோலுரித்துக் கொன்று, உலகத்தையே அழிக்கப் புறப்படுகிறாள். ஒருத்தி பிணம், மற்றவள் பித்து. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தபால் இலாகாவுக்குப் பயந்து எழுதிய முடிவு, தபால் இலாகாவின் நிர்ப்பந்தம் ஏதுமில்லாத காலத்தில் அதே வடிவில் வந்து நின்றது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2016 மார்ச் 3ஆம் தேதி, ‘த ஹண்ட்ரட்’ என்ற தொடரில் அதே மரணம் இன்னொரு முறை நிகழ்ந்தது. அணுயுத்தத்துக்குப் பிற்பட்ட உலகில் பன்னிரண்டு குலங்களுக்குத் தலைவியான லெக்ஸா, வாலிப வயதிலேயே சேனாதிபத்தியம் வகிப்பவள். கிளார்க் என்ற மற்றொரு தலைவியிடம் அவளுக்குக் காதல். இருவரும் முதன்முறையாகக் கூடி மகிழ்ந்த சில நிமிஷங்களுக்குள், கிளார்க்கைக் கொல்ல எண்ணி மந்திரி சுட்ட குண்டு கதவைத் திறந்துகொண்டு வந்த லெக்ஸாவின் மேல் பாய்கிறது. மீண்டும் தவறிய குண்டு, மீண்டும் மகிழ்ச்சியின் உச்சி! போர்க்களத்தில் மாண்டிருந்தால்கூட அவளுடைய வீரத்துக்குப் பொருந்தியிருக்கும் என்று ரசிகர்கள் ஆற்றிக்கொண்டிருக்கலாம். இது வேறு யாருக்கோ வைத்த குறி.

இம்முறை ரசிகர்கள் அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. இவர்களில் பெரும்பாலோர் சிறு வயதினர். லெக்ஸா உயிரோடிருப்பாள் என்று நம்பும்படி பல மாதங்களாகத் தங்களுக்கு ஆசை காட்டப்பட்டது என்பதே அவர்களுடைய தலையாய புகார். தற்கொலை எண்ணத்திலிருந்து தன்பாலீர்ப்புடைய இளைஞர்களை மீட்கப் பாடுபடும் ‘டிரெவர் புராஜெக்ட்’ என்ற ஸ்தாபனத்துக்கு லெக்ஸாவின் பெயரால் ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். தொடரின் கர்த்தாவான ஜேசன் ராத்தன்பர்க் அந்த மாதம் முடிவதற்குள் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். ‘ஆட்டோஸ்ட்ராடில்’ என்ற பெண்கள் பத்திரிகை, டெலிவிஷனில் அதுவரை மாண்ட லெஸ்பியன், இருபாலீர்ப்புப் பெண் பாத்திரங்களின் ஜாபிதா ஒன்றைத் தயாரித்தது. 65 பெயர்களோடு தொடங்கிய அது, வாசகர்கள் நினைவூட்ட நினைவூட்ட 200ஐத் தாண்டியது. ஊடகச் சித்திரிப்புகளைக் கண்காணிக்கும் ‘கிளாட்’ அமைப்பு அந்த ஆண்டின் இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016ஆம் ஆண்டில் மாத்திரம் இத்தகைய பாத்திரங்கள் 25க்கு மேல் கொல்லப்பட்டிருந்தன.

இதற்கு எழுத்தாளர்கள் தரப்பில் சொல்லப்படும் சமாதானங்கள் அற்பமானவையல்ல. லெக்ஸாவாக நடித்த அலிசியா டெப்னம்-கேரி வேறொரு தொடரில் ஒப்பந்தமாகியிருந்தார். அன்னா ஃப்ரியலும் தாமாகவே விலகிப்போனவர். வன்முறை மலிந்த கதைகளில் ஆண்களும் சாகிறார்கள், ஆணைக் காதலிக்கும் பெண்களும் சாகிறார்கள். இவளுக்கு மட்டும் சிரஞ்சீவி வரம் கேட்பது எந்தக் கலை நியாயம் என்று கேட்கிறார்கள். தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு காரணம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால், ஒரு தொடரில் ஆண்-பெண் ஜோடிகள் பத்து இருந்து அவற்றில் இரண்டு சிதைந்தால், பார்க்கிற பெண்ணுக்கு மிச்சம் எட்டு இருக்கிறது. இருக்கிற ஒரே ஜோடி சிதைந்தால் மிச்சம் ஏதுமில்லை. அன்றியும், நடிகை விலகினால் பாத்திரத்தைக் கொன்றுதான் தீரவேண்டுமென்ற விதியும் கிடையாது. வேற்றூருக்கு வேலை மாற்றலாகிப் போகிற உரிமை கற்பனை மனிதர்களுக்கும் உண்டு.

சாவின் வேண்டாத அவசரத்தை இன்னும் தெளிவாகக் காட்டுவது ‘ஸ்கின்ஸ்’ என்ற பிரிட்டிஷ் தொடர். பிரிஸ்டல் நகரத்து மாணவர்களைப் பற்றிய அந்தத் தொடருக்கு இருபது வயதையொட்டிய இளைஞர்களையே எழுதவும் வைத்திருந்தார்கள். அதனால் பேச்சில் ஒரு மெய் இருந்தது. 2009இல் வந்த மூன்றாம் சீசனில் எமிலிக்கு நவோமியிடம் காதல். நவோமிக்கோ தன் மனத்தை ஒப்புக்கொள்ளப் பயம். ஒருநாள் எமிலி அவள் வீடு தேடி வருகிறாள். நவோமி கதவைத் திறக்கவில்லை. ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே தரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்; கதவின் அடிப்பாகத்தில் பூனை போய்வருவதற்கென்று வைத்திருந்த சிறு திறப்பின் வழியாகக் கையைக் கோத்துக்கொள்கிறார்கள். சொல்லப் பயப்படுகிற பெண்ணைப் பற்றி நூறு பிரசங்கம் செய்தாலும் வராத தெளிவு அந்தப் பூனைத் திறப்பில் வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து வாழ்வதாகவே மறு ஆண்டு கதை முடிந்தது. அதோடு விட்டார்களா என்றால் இல்லை. 2013இல் பழைய பாத்திரங்களைத் திரும்ப அழைத்துச் சிறு தொடர்ச்சியொன்று எடுத்தபோது நவோமிக்குப் புற்றுநோய் வந்துவிட்டது. நியூயார்க்கில் வேலை பழகிக்கொண்டிருந்த எமிலியிடமிருந்து நோயை மறைத்து, அவள் ஓடிவந்து சேரும்போது எல்லாம் கைமீறிப் போய்விடுகிறது. முடிந்த கதையைக் கல்லறையிலிருந்து எழுப்பி, சுகமாக இருந்த பெண்ணை உள்ளே படுக்கவைத்தது எந்தக் கலையின் நிர்ப்பந்தமென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டு பாட்டிமார்

இவ்வளவையும் படித்துவிட்டு டெலிவிஷன் முழுவதும் மயானமென்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. ‘கிளீ’ என்ற இசைத் தொடரில் சன்டானா, பிரிட்டனி என்ற இரு பெண்களும் ஆரம்பத்தில் கதாநாயகியின் பின்னால் நின்று ஆடுகிற கும்பலில் இருவர்தாம். 2009இல் போகிற போக்கில் பிரிட்டனி வாயில் வைக்கப்பட்ட ஒரு வேடிக்கைப் பேச்சு, இவர்களுக்குள் ஏதோ இருக்கிறது என்று குறிப்பாக உணர்த்திற்று. அதைப் பிடித்துக்கொண்ட ரசிகர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, எழுத்தாளர்கள் அந்த வேடிக்கையை வினையாக எடுத்து எழுதும்படி செய்துவிட்டார்கள். நயா ரிவேரா என்ற நடிகையின் திறமையும் அதற்கு உதவிற்று. நாக்கில் விஷம் வைத்திருந்த சன்டானா, பள்ளிக்கூடத்து அலமாரி அருகில் நின்று தன் தோழியிடம் காதலைச் சொல்லும்போது அந்த விஷமெல்லாம் பயத்தின் வேஷமென்று தெரிந்துபோகிறது.

2011 நவம்பரில் அவள் தன் பாட்டியிடம் உண்மையைச் சொல்கிறாள். சமையலறை மேஜை, எதிரும் புதிருமாக இருவர். பேத்தியை உயிராக வளர்த்த கிழவி சில கணம் பேசாமலிருந்துவிட்டு, எழுந்து போய்விடு, இனி இங்கே வராதே என்கிறாள். அவள் சொல்லும் நியாயம் விசித்திரமானது: பாவம் காரியத்தில் இல்லையாம், அதை வாயால் வெளியே சொன்னதில்தான் இருக்கிறதாம்! அமெரிக்காவோ மதுரையோ, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற ஒரே உபநிஷத்தில்தான் பாட்டிமார்கள் பாடம் கேட்டிருக்கிறார்கள் போலும். மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழித்து, 2015 பிப்ரவரியில் சன்டானாவுக்கும் பிரிட்டனிக்கும் கல்யாணம் நடக்கிறது, பாட்டி வருகிறாள். கதை நடப்பது ஒஹையோ மாநிலத்தில். அங்கே அப்போது இத்தகைய விவாகம் செல்லாது. ஆகவே கல்யாணக் கோஷ்டி பக்கத்திலிருந்த இந்தியானா மாநிலத்துக்குப் போய் ஒரு தானியக் கொட்டகையில் முகூர்த்தத்தை நடத்திற்று. நான்கே மாதத்தில், ஜூன் 26ஆம் தேதி, அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தேசம் முழுவதும் அந்த உரிமையை வழங்கியது. வழக்கைக் கொண்டுபோன ஓபர்கஃபெல் என்பவர் அதே ஒஹையோக்காரர்.

இன்னொரு பாட்டி ‘ஒன் டே அட் எ டைம்’ தொடரின் லிடியா. 2017இல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த இந்தத் தொடர், லாஸ் ஏஞ்சலஸில் வசிக்கும் க்யூபா தேசத்துக் குடும்பமொன்றின் கதை. ரீட்டா மொரேனோ என்ற முதுபெரும் நடிகை பாட்டியாக நடித்தார். பேத்தி எலெனாவுக்குப் பதினைந்து வயது நிறைகிறது. அவர்கள் சமூகத்தில் அது நம் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஈடான வைபவம். தான் பெண்களையே விரும்புவதாக எலெனா சொன்னதும், கிறிஸ்தவ பக்தியில் ஊறிய லிடியா தனக்குத்தானே வாதம் செய்துகொண்டு, கடவுள், போப்பாண்டவர் என்று ஒவ்வொருவராக சாட்சிக்கு அழைத்து, இரண்டு நிமிஷத்துக்குள் தன் கட்சியைத் தானே தோற்கடித்துவிட்டு எழுந்துகொள்கிறாள். அதைவிட அழகு, விழாவுக்கு அவள் தைக்கும் உடை. பேத்திக்கு அந்தப் பெரிய பாவாடை ஒட்டவில்லை என்பதை, அவள் வாய் திறந்து சொல்லாமலே தையற்காரியின் கண் கண்டுகொள்கிறது. கடைசியில் வெள்ளை நிறத்தில் கோட்டும் கால்சராயுமாகத் தைத்துக் கொடுக்கிறாள். விழாவில் தகப்பனும் மகளும் ஆடவேண்டிய நடனத்துக்கு முன்பே தகப்பன் சொல்லாமல் போய்விடுகிறான். மேடை நடுவே தனியாக நின்ற பெண்ணிடம் தாய் போய்ச் சேர்கிறாள், பிறகு பாட்டி, பிறகு தம்பி, பிறகு எல்லோரும். இந்தத் தொடரின் விசேஷம், அதோடு எலெனாவின் கதையை முடிக்காததுதான். அடுத்த சீசன்களில் அவளுக்குக் காதல் வருகிறது, கோபம் வருகிறது. கைவிட்டுப்போன தகப்பனோடு மெதுவாகச் சமாதானமும் வருகிறது. அந்தக் குடும்பத்தில் அவள் ஒரு பிரச்சினையாக இருப்பது நின்றுபோய், பிடிவாதக்காரியான மூத்த பெண்ணாக மட்டும் இருக்கிறாள்.

ஆயினும் 2019இல் நெட்ஃபிளிக்ஸ் அதை நிறுத்தியது. வேறொரு சானல் எடுத்து நடத்த முற்பட்டபோது கொரோனா வந்து குறுக்கிட்டது. இங்கே நாம் ஒரு புதுவித மரணத்தைச் சந்திக்கிறோம். இணைய வழித் தொடர்களின் காலத்தில் பாத்திரத்தைச் சுடவேண்டியதில்லை, தொடரையே நிறுத்திவிட்டால் போதும். 2018 பிப்ரவரியில் வந்த ‘எவ்ரிதிங் சக்ஸ்’, பள்ளி மாணவி கேட் தன்னை அறிந்துகொள்ளும் கதை, ஏப்ரலில் ரத்து. 2022 ஜூனில் வந்த ‘ஃபர்ஸ்ட் கில்’ இரண்டு மாதத்துக்குள் ரத்து. பார்ப்பவர் தொகைக்கும் செலவுக்கும் கட்டுப்படியாகவில்லை என்ற கணக்கில் எல்லாத் தொடர்களும்தான் நிற்கின்றன என்பது வாஸ்தவம். முன்னர் சொன்ன சிறுபான்மைக் கணிதம் இங்கும் பொருந்தும் என்பதும் வாஸ்தவம். இவற்றுள் ‘பேப்பர் கேர்ள்ஸ்’ தொடரின் விதி விசேஷமானது. 1988ஆம் ஆண்டில் ஒஹையோவில் காலைப் பத்திரிகை போடும் பன்னிரண்டு வயதுச் சிறுமியர் நால்வர், விபரீதமாகக் காலத்தைத் தாண்டி எதிர்காலத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருத்தியான கே.ஜே., சினிமாக் கல்லூரி மாணவியாக வளர்ந்து நிற்கும் தன்னையே காண்கிறாள். வளர்ந்தவளுக்கு ஒரு காதலி இருப்பதையும் காண்கிறாள். பெயர் சொல்லத் தெரியாத ஒரு சஞ்சலத்தோடு இருந்த குழந்தைக்கு, நீ வளர்வாய், உனக்கு வேலையும் துணையும் இருக்கும் என்று அவளுடைய எதிர்காலமே நேரில் வந்து சொல்வதுபோன்ற இந்தக் கற்பனைக்கு இணையாக இந்த வகைக் கதைகளில் வேறொன்று சொல்ல முடியுமா என்பது சந்தேகம். 2022 ஜூலை இறுதியில் வெளியான அந்தத் தொடரை அமேசான் செப்டம்பரில் நிறுத்திவிட்டது. மொத்தம் எட்டே எபிசோடுகள்.

பழக்கத்தை மாற்றியவர்களும் இருக்கிறார்கள். ‘வைனோனா ஏர்ப்’ தொடரின் கர்த்தா எமிலி ஆண்ட்ராஸ், 2016இல் லெக்ஸாவின் துக்கம் ஆறுமுன்பே, தம்முடைய கதையில் வேவர்லி என்ற பெண் காதலிக்கும் போலீஸ்காரி நிக்கோலின்மேல் ஒரு குண்டைப் பாயவிட்டார். பார்ப்பவர்கள் மூச்சடைத்துப் போனபோது, சட்டைக்குள் அவள் குண்டு துளைக்காத கவசம் போட்டிருந்தது தெரியவந்தது. போலீஸ்காரிக்குக் கவசம் இருக்கும் என்ற சாதாரணப் புத்தி, இத்தனை ஆண்டுகளில் ஒரு பெரிய கலைப் புரட்சியாகக் கொண்டாடப்பட வேண்டியிருந்தது! 2021இல் அவ்விருவருக்கும் கல்யாணத்தோடு தொடர் முடிந்தது. குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடரான ‘ஷீ-ரா’வில், 2020இல், அடோரா-கட்ரா என்ற இரு பெண்களின் காதலே உலகத்தைக் காப்பாற்றுகிறது. ஆசியாவிலோ தாய்லாந்து நாடு முந்திக்கொண்டது: 2022 இறுதியில் தொடங்கிய ‘கேப்’ என்ற தொடர், அலுவலகத் தலைவிக்கும் அங்கே வேலைக்குச் சேரும் பெண்ணுக்கும் நடக்கும் காதலைக் கல்யாணம் வரை கொண்டுபோய் நிறுத்தியது. ரொம்பவும் சர்க்கரை தூவிய கதை என்று விமரிசகர்கள் முகம் சுளிக்கலாம். ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதைகளுக்கு எத்தனை மூட்டை சர்க்கரை செலவாகியிருக்கிறது என்று அவர்கள் கணக்குப் பார்த்ததுண்டா? 2025 ஜனவரி 23ஆம் தேதி முதல் அந்நாட்டில் இத்தகைய விவாகங்கள் சட்டப்படி செல்லும்.

கைப்பேசியில் இன்று எந்தத் தேசத்துத் தொடரும் நம் வீட்டுப் பெண்களுக்கு எட்டிவிடுகிறது; அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று அறிய விரும்பும் பெற்றோரும், இவற்றில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கும் வாசகர்களும் முதலில் ‘ஒன் டே அட் எ டைம்’ தொடரின் முதல் சீசனைப் பார்க்கலாம்; அரைமணி நேர எபிசோடுகள் பதின்மூன்று, வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளலாம். ‘பேப்பர் கேர்ள்ஸ்’ பாதியில் நிற்கும் என்று தெரிந்துகொண்டே பார்ப்பது நல்லது. பஃபியைப் பார்க்கத் துணிபவர்கள் ஆறாம் சீசனின் பதினெட்டாம் எபிசோடு வரை பார்க்கட்டும். அதன் இறுதியில் வில்லோவும் தாராவும் சமாதானமாகிச் சேர்ந்துவிடுகிறார்கள். பத்தொன்பதாவதைப் போடவேண்டாம்.